நரிக்கு நான் வைத்த நஞ்சு

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வேலிப் படலையடியில் வாகனத்தை நிறுத்தி மயில்களைப் படம் பிடிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகள், "அக்கா, நீங்கள் சொர்க்கத்திலை எல்லோ இருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் படம் எடுத்த மயில்கள் நின்றது என் கச்சான் கடலைத் தோட்டத்தில். தோட்டத்தில் அப்போது கச்சான் இல்லை. வீட்டில் என் கணவரும் இல்லை. இரண்டுக்கும் காரணம் நான்தான். இதை இதுவரை ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் காணி முள்ளியவளைக்கு வெளியே, காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மணல் கலந்த மேட்டுக் காணி. நெல்லுக்கு உதவாது, கச்சானுக்கு நன்றாக உதவும். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அங்கே வீடும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை, ஆள் உயரப் பற்றைதான் இருந்தது. வெடிபொருள் எல்லாம் எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகும் கொஞ்சக் காலம் கால் வைக்கப் பயந்தோம். வீட்டைக் கட்டி முடிக்க வேறு வழி இல்லாமல் அவர் கட்டாருக்குப் போனார். மகளுக்கு அப்போது பத்து மாதம். ஆறு வருடம் கழித்து அவர் வந்து இறங்கியபோது, அவள் என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்று "அந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டாள். அவருக்குக் கேட்டது. சிரித்தார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் அவரை அப்பா என்று கூப்பிட நான்கு மாதம் எடுத்தது. சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிற வழியில்தான் அது நடந்தது. படலையடியில் இறங்கும்போது, "அப்பா, மெதுவா நிப்பாட்டுங்கோ" என்றாளாம். குசினிக்குள் வந்து, அடுப்படியில் நின்ற எனக்கு இதை இரண்டு தரம் சொன்னார்.

அன்றைக்குத்தான் அவர் முடிவாகச் சொன்னார். "மூண்டு மாரி பாப்பம். இந்தக் காணி எங்களைப் பாத்தால் நான் இனி ஒரு இடமும் போகேல்லை. பாக்காட்டி, போகத்தான் வேணும். அப்ப நீர் அழக்கூடாது."

"நான் ஏன் அழப்போறன்? காணி பாக்கும்" என்றேன்.

முதல் மாரியில் காணி பார்த்தது. ஐப்பசி மழையோடு விதைத்தோம். தை கடைசியில் செடியைப் பிடித்து இழுத்தால் வேர் முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காய். வீட்டு முற்றம் நிறையக் காயப்போட்டோம். மகள் பச்சைக் கச்சான் தின்று வயிற்றுக்குத்து வந்து கிடந்தாள். நான் கல்யாணம் கட்டின காலத்தில்கூட அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

இனி என் கோழிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இல்லாத வருடங்களில் எனக்குத் துணை கோழிகளும் ஆடுகளும்தான். காட்டுக்கரையில் கோழி வளர்ப்பதென்றால் ஓயாத சண்டை. வானத்தில் பருந்து, வேலிக்குள் கீரி, முட்டைக்கு உடும்பு, கண் அயர்ந்தால் நரி. அடைக்கோழி எழும்பித் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து உடும்பு வந்து முட்டைகளை விழுங்கிவிட்டு, ஏப்பம் விடாத குறையாகத் திரும்பிப் போகும். எனக்கு அதைக் கண்டால் பத்திக்கொண்டு வரும். பக்கத்துக் காணி அண்ணை உடும்பு பிடிப்பதில் பேர் போனவர். அவருடைய நாய்கள் மணம் பிடித்துக்கொண்டு போய் உடும்பைப் புற்றோடு மறித்து நிற்கும், இவர் மண்வெட்டியோடு போவார். முன்பெல்லாம் ஆசைக்கு எப்போதாவதுதான் பிடிப்பார். நான்தான் ஆள் அனுப்பி அனுப்பி அவரை எங்கள் காணிக்குள் கூப்பிட்டேன். "அண்ணை, கிணத்தடிப் புத்திலை ஒண்டு நிக்குது. ஆலடிப் பத்தைக்கை ஒண்டு." ஒரே வருடத்தில் எங்கள் பக்கத்தில் உடும்பு என்ற சாமானே இல்லாமல் போயிற்று. பங்கு இறைச்சி எனக்கும் வந்தது. நல்ல மிளகு போட்டுக் கறி வைத்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் தொடமாட்டேன், நான் முருகனுக்கு விரதம்.

முதல் மாரி முடிந்த அந்தச் சித்திரையில் நரி ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோனது. பிறந்து எட்டு நாள். மகள் அதற்குக் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தாள். வேலிக்கு அப்பால் நாடாவும் ஒரு காலும்தான் கிடைத்தது. பிள்ளை அழுத அழுகையைப் பார்த்து எனக்கு விசர் பிடித்துவிட்டது. வயலுக்கு அடிக்கிற நஞ்சு அண்ணை வீட்டில் இருந்தது. ஒரு கோழியை அறுத்து, குடலைத் தனியே எடுத்து அதில் பிசைந்தேன்.

என் கணவர் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உது வேண்டாமப்பா. ஆட்டுக்கூட்டுக்கு நல்லாக் கம்பி அடிச்சுத் தாறன். அதுகளும் இந்தக் காட்டிலைதானே சீவிக்குது" என்றார்.

"உங்களுக்கென்ன, ஆறு வருசம் ஏசி ரூமிலை படுத்திட்டு வந்து நரிக்கு நியாயம் கதைக்கிறியள்" என்றேன். அவர் அங்கே படுத்தது பத்துப் பேர் படுக்கிற தகர அறையில் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் நாயை மூன்று நாள் கட்டி வைத்தேன், அது தின்றுவிடக் கூடாதென்று. அவ்வளவு கெட்டிக்காரி நான். பொழுதுபடுகிற நேரம் பற்றை ஓரமாக நான்கு இடத்தில் வைத்தேன். அடுத்த நாள் வாய்க்கால் கரையில் இரண்டு நரி செத்துக் கிடந்தன. அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. அது பெண். தடியால் புரட்டிப் பார்த்தேன். முலைகள் பாலோடு வீங்கியிருந்தன. அப்படியென்றால் எங்கோ புற்றுக்குள் குட்டிகளும் சாகும் என்று விளங்கியது. நல்லது என்று நினைத்தேன். ஒரு கீரியும் இரண்டு காகமும்கூடச் செத்திருந்தன. அவற்றையும் சேர்த்துக் கிடங்கு வெட்டிப் புதைத்தது அவர்தான். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

எங்கள் ஊரில் மற்றவர்களும் அதையே செய்தார்கள். என் கோழிகள் பிழைத்ததைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்து, எவ்வளவு பிசைந்தாய், எங்கே வைத்தாய் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முதல் மயில் வந்தது. காட்டுக்குள் அகவுகிற சத்தம் எப்போதும் கேட்கும், ஒன்று இரண்டைத் தூரத்தில் காண்பதும் உண்டு. வளவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் முழுகிவிட்டு ஈரத் தலையோடு சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் தோகையை இழுத்துக்கொண்டு அது நடந்து வந்தது. எனக்கு மெய் சிலிர்த்தது. அவர் வீட்டோடு இருக்கவேண்டும் என்று நான் வைத்த நேர்த்திக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். சூடம் கொளுத்திக் காட்டிவிட்டு ஒரு கை அரிசி அள்ளிப் போட்டேன். பயமில்லாமல் பொறுக்கித் தின்றது. மகளைக் கூப்பிட்டுக் கும்பிடச் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் அரிசி வைத்தேன். வெள்ளிக்கிழமையில் கொஞ்சம் கூடுதலாக. அது தன் பெண்டுகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. அவற்றுக்கும் வைத்தேன். வேலி நெடுக வெருளி நட்டு, குருவியை, கிளியைத் துரத்துகிற அதே வளவுக்குள் மயிலை நானே சோறு போட்டுக் குடிவைத்தேன். சைவச் சனத்தைத் தவிர வேறு எவருக்காவது இந்தப் புத்தி வந்திருக்குமோ தெரியாது.

அந்த ஐப்பசியில் இரண்டாம் மாரிக்கு விதைத்தோம். விதைத்த மூன்றாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால், மயில்கள் சால் வழியே ஒன்றன் பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லை. காலால் ஒரு கிளறு, அலகால் ஒரு கொத்து. விதைப் பருப்பு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கத்தினேன். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, அரிசி கொண்டுவருகிறேன் என்று நினைத்து என்னை நோக்கி வந்தன. நடுக்காணியில் நின்று அழுதேன்.

திரும்ப விதைத்தோம். பழைய சாறிகளைக் கட்டினோம். தகரப் பேணிக்குள் கல் போட்டுத் தொங்கவிட்டோம். ஒரு வெருளியின் தோளில் மயில் ஏறி நிற்பதைக் கண்டு மகள் கைகொட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பாதி விளைச்சல் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அந்த வருடம் ஏதோ வந்தது. "பரவாயில்லை, இன்னொரு மாரி கிடக்குத்தானே" என்றார்.

மாசியில் விறகு பொறுக்கப் பற்றைக்குள் போனபோதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் அங்கே உடைந்த முட்டை ஓடுகள் கிடக்கும். கோழி முட்டையைவிடப் பெரிய, வெளிறிய ஓடுகள். உடும்பு குடித்தவை, நரி கடித்தவை. என் கோழியின் முட்டை இல்லை என்பதால் நான் அவற்றை மிதித்துக்கொண்டு போவேன், குனிந்து பார்த்ததில்லை. அந்த வருடம் ஒரு ஓடும் கிடக்கவில்லை. நிலத்தில் முட்டையிடுகிற பறவைக்கு நிலத்தில் இனி ஒரு எதிரியும் இல்லை. கொஞ்ச நாளில் ஒரு பெட்டை நான்கு குஞ்சுகளோடு வேலியடியால் வந்தது. ஒவ்வொரு நாளும் எண்ணினேன், நான்கும் நான்காகவே இருந்தன. "எல்லாம் பெருத்திட்டுது அம்மா" என்றாள் மகள். அந்தப் பக்கம் இன்னொரு பெட்டை, அதற்குப் பின்னால் மூன்று. அரிசி வைப்பதை அன்றோடு நிறுத்தினேன். அதற்கு முன்பே அவை என் கையை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டிருந்தன.

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவருக்கும் தெரிந்திருக்கும். காட்டுக்கரையில் பிறந்து வளர்ந்த மனிசனுக்கு இது தெரியாதா? நரியையும் உடும்பையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா? என் கோழிக்கூட்டு வாசலோடு என் உலகம் முடிந்துவிட்டது.

மூன்றாம் மாரி. இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். விதை போட்ட நாளிலிருந்து அவர் விடியக் கருக்கலில் காணிக்குப் போய்ப் பொழுதுபடத்தான் வருவார். நான் மத்தியானம் மாற்றி நிற்பேன். மயில் கூட்டம் இந்தக் கரையில் துரத்தினால் அந்தக் கரையில் இறங்கும். மயில் பாம்பைத் தின்னும் என்று ஊரில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். பாம்பு குறைந்தது உண்மைதான். அந்த மார்கழியில் எலி பெருகியது. மயில் விட்ட செடிக்குக் கீழே எலி வளை தோண்டிக் காயைக் கொண்டுபோனது. நரி இருந்தபோது எலியையும் அதுதான் தின்றது. இதையும் அது செத்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

அண்ணையிடம் யானை விரட்டுகிற வெடி இருந்தது. என் கணவர் நான்கைந்து வாங்கிக்கொண்டு வந்து ஒரு நாள் விடியச் சொல்லாமல் ஒன்றைக் கொளுத்தினார். மயில் எல்லாம் எழும்பிக் காட்டுக்குள் போய்விட்டதாம். நான் அதைப் பார்க்கவில்லை. குசினி நிலத்தில், சுவரோடு ஒட்டி, தலையில் கை வைத்துக் குப்புறக் கிடந்தேன். எப்போது படுத்தேன் என்று தெரியாது. அடுப்பில் புட்டு அடிப்பிடித்து மணந்தது. "அப்பா, அம்மா ஏன் கீழை படுத்திருக்கிறா?" என்று மகள் கத்துவது கேட்டது. அவர் ஓடிவந்து என்னைத் தூக்கி நிமிர்த்தி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிச்ச வெடிகளைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார். ஒன்றிரண்டு கிழமை நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் அந்தக் காணி தப்பியிருக்கும். என்னால் முடியவில்லை. திரும்ப ஒருக்கால் கொளுத்தவா என்று அவர் கேட்கவும் இல்லை.

அண்ணை வேறு யோசனை சொன்னார். "பிள்ளை, நரிக்கு வைச்சமாதிரி உதுகளுக்கும் ஒருக்கா வைச்சுவிடு. சத்தமில்லாமல் முடிஞ்சிடும்."

"என்ன கதை கதைக்கிறியள் அண்ணை, முருகன்ரை வாகனமெல்லே!" என்று கத்தினேன்.

அப்போது என் கணவர் பக்கத்தில் இருந்து மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "நரிக்கு வைக்கேக்கை முருகன் குறுக்கை வரேல்லையே?" என்றார். நான் நஞ்சு வைத்த நாளிலிருந்து அந்த விசயத்தைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வசனம்தான். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தை முடிவில் செடி பிடுங்கினோம். இழுத்தால் வேரோடு மண்தான் வந்தது. எங்கோ ஒரு செடியில் இரண்டு காய், அதிலும் ஒன்று எலி துளைத்தது. வரிசை முடிவுக்குப் போக முன்பே அவர் நிறுத்திவிட்டார். கையைத் தட்டி மண்ணை உதறிவிட்டு, பிடுங்கிய செடிகளை ஆட்டுக்கென்று சேர்த்துக் கட்டினார். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து முடிவுத் திகதியைப் பார்த்தார். நான் அழக்கூடாது என்பதுதான் பேச்சு. அழவில்லை.

ஒன்றரை மாதத்தில் எல்லாம் சரிவந்தது. போன தடவை இழுபட்ட விசா இந்தத் தடவை ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அவர் போவதற்கு முதல் நாள் காலையில் வேலிக்கு முள்ளு வெட்டப் போனேன். ஆலடிப் பற்றைக்குள் ஒரு பெட்டை மயில் எழும்பி விலகி நின்றது. அது படுத்திருந்த இடத்தில், சும்மா மண்ணைக் கொஞ்சம் பள்ளமாக்கி, ஐந்து முட்டை.

கத்தியைக் கீழே போட்டேன். மடியில் முட்டைகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. முழுகியிருந்தேன். உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஒவ்வொன்றாக அடித்து உடைத்தேன். முதல் இரண்டும் கூழ். மூன்றாவதில் குஞ்சு இருந்தது, கண் பெரிதாக, இறகு இல்லாமல். அதைப் பார்த்த பிறகும் நாலாவதை உடைத்தேன். ஐந்தாவதையும் உடைத்தேன். நரி எவ்வளவு லேசாகச் செய்த வேலை. பெட்டை மயில் எனக்குப் பின்னாலேயே வந்து, வாழையடியில் நின்று, தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. கையில் புதுப் பையின் பூட்டு இருந்தது. கல்லைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"இனி என்னத்துக்கு?" என்றார்.

திட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அவர் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி என் இரண்டு கையிலும் ஊற்றினார். சவர்க்காரம் எடுத்துத் தந்தார். பிறகு கல்லையும் கழுவிவிட்டார், மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்க முன்.

அடுத்த நாள் விடிய ஐந்தரை பஸ்சில் போனார். மகளுக்கு அப்போது வயது பத்தை நெருங்கியிருந்தது, ஒளிந்து நிற்கவில்லை. பஸ் திரும்பும்வரை நேராக நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, "இனி எத்தினை வருசம்?" என்று கேட்டாள். ரெண்டு என்று சொன்னேன். "போன முறையும் ரெண்டு எண்டுதானாம் சொன்னவர்" என்றாள். அதை அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை, நானாகத்தான் இருக்கவேண்டும்.

கிழமைக்கு இரண்டு தடவை கதைப்பார். மகள் அவரோடு கதைக்கும்போது முதல் நிமிடம் நன்றாகக் கதைப்பாள். பிறகு "ம்", "ஓம்" என்று ஆகி, போனை என்னிடம் தந்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு மாதமும் அந்த முதல் நிமிடம் குறைந்துகொண்டு வருகிறது. அவருக்கும் அது தெரிகிறது. போன கிழமை, "பிள்ளை நித்திரையோ?" என்று கேட்டார். பின்னேரம் நாலு மணி. ஓம், நித்திரை என்றேன். அவள் எனக்கு முன்னால்தான் இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

கச்சான் போட்டீரோ என்று அவர் கேட்பதில்லை. நானும் போடவில்லை. அந்தப் பெட்டை மயில் மறுபடி அதே பற்றைக்குள் முட்டையிட்டிருக்கிறது. நேற்று விறகுக்குப் போனபோது கண்டேன். இந்த முறை அது எழும்பி விலகக்கூட இல்லை. பொரிக்கட்டும். அவர் வீட்டில் இருந்திருந்தால் ஒவ்வொன்றாக உடைத்திருப்பேன், எந்தப் பாவம் வந்தாலும் வரட்டும் என்று. இப்போது ஆருக்காக உடைக்க?